ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல்?

‘வீ டிட் மெனி டெஸ்ட்ஸ் அண்ட் டுக் தி ரீடிங்ஸ். தி ஹெவி விண்ட் கேவ் எ பிக் எஃபெக்ட் ஆன் தி டவர். சோ வீ கேம் டு தி கன்க்ளூஷன் தட் தி டிசைன் மஸ்ட் பி சேஞ்ச்ட்.’ பொறியியல் கல்லூரித் திட்ட அறிக்கைகளைத் திருத்திப் பழகியவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. இலக்கணப் பிழை என்று இதில் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகின்றன, காலம் சரி, எழுத்துப்பிழை கிடையாது. ஆனாலும் நடு வாக்கியம் உறுத்துகிறது. திருத்துபவர் சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார். ஏன் தவறு என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்கு விதி எதுவும் இருக்காது. காற்றுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’தான் அடைமொழி, ‘ஹெவி’ மழைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் உரியது. ‘எஃபெக்ட்’ என்ற பெயரோடு ‘கிவ்’ சேராது, ‘ஹேவ்’ சேரும். ‘ஸ்ட்ராங் விண்ட்ஸ் ஹேட் எ சிக்னிஃபிகன்ட் எஃபெக்ட் ஆன் தி டவர்’ என்று எழுத வேண்டும். ஆங்கிலேயர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அதே பத்தியில் மாணவர் சரியாக எழுதிய இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். ‘டுக் தி ரீடிங்ஸ்’ நல்ல ஆங்கிலம். நாமும் ரீடிங் ‘எடுக்கிறோம்’. ‘கேம் டு தி கன்க்ளூஷன்’ என்பதும் நல்ல ஆங்கிலம். நாமும் முடிவுக்கு ‘வருகிறோம்’. தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போன இடங்களில் தமிழ் அவரைக் கரையேற்றியது. ‘பெரிய பாதிப்பைக் கொடுத்தது’ என்று தமிழில் ஓடிய நினைப்பு ஆங்கிலத்துக்குப் போகும்போது காலை வாரிவிட்டது. நான்கு இடங்களிலும் அவர் செய்தது ஒரே வேலைதான். எது பொருந்தும், எது பொருந்தாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சொற்கள் இப்படித் தமக்குள் துணை தேடிக்கொள்ளும் பழக்கத்தை மொழியியலார் ‘கொலோகேஷன்’ என்கிறார்கள். இங்கே சொற்சேர்க்கை என்று குறிப்பிடுகிறேன். பட்டப்படிப்பு முடித்த தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் பெரிய குறை இலக்கணத்தில் இல்லை, சொற்சேர்க்கையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. பள்ளியிலும் கல்லூரியிலும் இதற்கென்று தனியாக ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

இந்த விஷயம் தமிழருக்கு அந்நியமானதும் அல்ல. அம்பை எய்கிறோம், கூடையை முடைகிறோம், ஆடையை நெய்கிறோம், பானையை வனைகிறோம். குயில் கூவுகிறது, மயில் அகவுகிறது, யானை பிளிறுகிறது. இதை மாற்றிச் சொன்னால் பொருள் விளங்கும், ஆனால் மரபு வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை ஆகியவற்றோடு மரபையும் சேர்த்து எழுவகை வழு என்று நன்னூல் வகுத்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இன்னும் நுட்பமாகப் போகிறது. பல வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரே பொதுப்பெயரால் சொல்லும்போது, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் பயன்படுத்தக் கூடாது என்று கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா உண்டு. அடிசில் என்றால் அதில் உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன எல்லாம் அடங்கும். ஆகவே அடிசிலை ‘உண்டார்’ என்றோ ‘பருகினார்’ என்றோ சொல்லாமல் ‘அயின்றார்’ என்று பொதுவினை கொடுக்க வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அணிக்கு ‘அணிந்தார்’, வாத்தியத்துக்கு ‘இயம்பினார்’ என்று அந்த வரிசை நீள்கிறது. ஒரு பெயர்ச்சொல் எந்த வினையை ஏற்கும் என்பதை இலக்கணமாகவே எழுதிவைத்த மொழியின் பிள்ளைகள், ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்காமலே பதினைந்து ஆண்டு படித்துவிடுகிறோம்.

ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காக எழுதிப் பார்த்தவர்கள் லண்டனில் இருக்கவில்லை, டோக்கியோவில் இருந்தார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த ஹெரால்டு பால்மர் 1922-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் அழைப்பில் அங்கே போனார். பள்ளிப் பிள்ளைகளைத் திணறவைப்பது தனிச்சொற்கள் அல்ல, சொற்சேர்க்கைகளே என்று கண்டு, 1933-இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி, சொல்லுக்குப் பொருள் மட்டும் சொல்லாமல் அது வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்பதையும் காட்டும் அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் அச்சான அந்த அகராதியை 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு எடுத்து வெளியிட்டது. இன்று நம் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழி வந்ததுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இந்தச் சேர்க்கைகள் கண்ணில் படுவதில்லை. வெளியிலிருந்து கற்பவர் தடுக்கி விழும்போதுதான் அங்கே படி இருப்பது தெரியவருகிறது.

கொலோகேஷன் என்ற சொல்லை மொழியியலில் நிலைபெறச் செய்த ஜே. ஆர். ஃபர்த்துக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றிய சுருக்கமான பகுதியை எழுதித் தந்தவரும் அவர்தான். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பங்கு அதன் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது என்பது 1950களில் அவர் வைத்த வாதம். ‘டார்க்’ என்ற சொல்லோடு சேரும் இயல்பும் ‘நைட்’ என்ற சொல்லின் பொருளில் ஒரு பகுதி என்றார். அவருடைய மாணவர் ஹாலிடே 1966-இல் எடுத்துக்காட்டியது தேநீரை. ஸ்ட்ராங் டீ உண்டு, பவர்ஃபுல் டீ கிடையாது. பவர்ஃபுல் கார் உண்டு, ஸ்ட்ராங் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கடையில் கேட்கும் எவரும் இந்தச் சேர்க்கையைப் பிழையில்லாமல் பயன்படுத்துகிறார். அதை அவர் அகராதியில் படிக்கவில்லை, காதில் வாங்கிக்கொண்டார்.

பிறகு கணினி வந்தது. பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் 1980-இல் தொடங்கிய கோபில்டு திட்டம், கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான எழுத்தையும் பேச்சையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடமும் வலமும் எவை நிற்கின்றன என்று வரிசையாக எடுத்துக் காட்டியது. 1987-இல் அந்தத் திட்டத்தின் அகராதி வெளிவந்தது. சின்க்ளேர் கண்டதன் சாரம் இது: எழுதுபவர் ஒவ்வொரு இடத்திலும் சொல்லைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதில்லை, பாதி தயாராக இருக்கும் தொடர்களை எடுத்து எடுத்துக் கோக்கிறார். பாலி, சைடர் என்ற ஆய்வாளர்கள் 1983-இல் இதையே வேறு கோணத்தில் கேட்டிருந்தார்கள். இலக்கணம் அனுமதிக்கும் வாக்கியங்கள் எண்ணற்றவை. அவற்றில் மிகச் சிலவே இயல்பாக ஒலிக்கின்றன. தாய்மொழியாளர் அந்தச் சிலவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இந்தக் கேள்விக்குப் பிறகு, இலக்கணம் ஒரு பெட்டி, சொல்வளம் இன்னொரு பெட்டி என்று பிரித்துக் கற்பிப்பதற்கு நியாயம் இல்லாமல் போயிற்று. ஆனால் நம் வகுப்பறைகளில் அந்தப் பிரிவினை இன்றும் அசையாமல் இருக்கிறது. பாடத்தின் இறுதியில் அருஞ்சொற்கள், எதிரே தமிழில் ஒரு பொருள். அடுத்த பக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை.

தமிழிலிருந்து போகிறவர் எங்கே வழுக்குகிறார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘கடும்’ என்ற அடைமொழியை எடுத்துக்கொள்வோம். கடும் குளிர், கடும் வெயில், கடும் போட்டி, கடும் எதிர்ப்பு, கடும் விமர்சனம், கடும் உழைப்பு என்று தமிழில் ஒரே சொல் எல்லா வீட்டுக்கும் போய்வருகிறது. ஆங்கிலத்தில் குளிருக்கு ‘பிட்டர்’, வெயிலுக்கு ‘ஸ்கார்ச்சிங்’, போட்டிக்கு ‘ஃபியர்ஸ்’ அல்லது ‘ஸ்டிஃப்’, எதிர்ப்புக்கு ‘ஸ்ட்ராங்’ அல்லது ‘ஸ்டிஃப்’, விமர்சனத்துக்கு ‘ஹார்ஷ்’ அல்லது ‘சிவியர்’, உழைப்புக்கு ‘ஹார்டு’. அகராதி ‘கடும்’ என்பதற்கு ‘சிவியர்’ என்று ஒற்றைப் பொருள் தந்தால், மாணவர் அதையே ஆறு இடத்திலும் ஒட்டுவார். ‘சிவியர் ஹார்டு வொர்க்’ என்று வந்து நிற்கும்.

வினைகளில் ‘போடு’, ‘எடு’, ‘கொடு’, ‘செய்’ ஆகிய நான்கும் தமிழில் எதையும் சுமக்கும். லைட் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், மாத்திரை போடுகிறோம், சண்டை போடுகிறோம். ஆங்கிலத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘புட்’ பொருந்தாது. லைட்டுக்கு ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’, மாத்திரைக்கு ‘டேக்’. கையெழுத்துப் போடுவதற்கு ‘சைன்’ என்ற வினை ஒன்றே போதும். தவறு செய்தான், முயற்சி செய்தான் என்பவை ‘டூ’ ஆகிவிடுகின்றன. ஆங்கிலம் இரண்டுக்கும் ‘மேக்’ கேட்கிறது. ஆனால் ஆராய்ச்சி செய்தான் என்பதற்கு ‘டிட் ரிசர்ச்’ சரி, வீட்டுப்பாடம் செய்தான் என்பதற்கும் ‘டூ’ சரி. குற்றத்துக்கு இரண்டும் பொருந்தாது, ‘கமிட்’ வேண்டும். எதற்கு ‘டூ’, எதற்கு ‘மேக்’ என்று விதி வகுக்க இலக்கண நூல்கள் முயல்கின்றன. விதியைவிட விலக்குகள் அதிகமாகிவிடுவதால் அந்த முயற்சி பாதியில் நின்றுபோகிறது. முன்னுருபுகளிலும் இதே கதை. ‘பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் தேவையில்லாத ‘அபௌட்’ ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு மொழிகளும் ஒத்துப்போகும் இடங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வரி செலுத்துகிறோம், கட்டணம் செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம். ஆங்கிலத்திலும் வரி, கட்டணம், கவனம் மூன்றுக்கும் ‘பே’தான். கனமழைக்கு ‘ஹெவி ரெயின்’, கேள்வி கேட்பதற்கு ‘ஆஸ்க் எ கொஸ்டின்’. இவை மாணவருக்கு இனாமாகக் கிடைத்தவை. இவற்றில் வகுப்பு நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒத்துப்போகாத இடங்களின் பட்டியல்தான் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

ஏராளமாக ஆங்கிலம் படிக்கிறவருக்கும் ஏன் இது கைவருவதில்லை? படிக்கும்போது சொற்சேர்க்கை தடையாக நிற்பதில்லை. ‘ஹெவி டிராஃபிக்’ என்று கண்ணில் பட்டால் பொருள் உடனே விளங்கிவிடுகிறது. விளங்கியதும் கண் நகர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் ‘ஹெவி’ நின்றது மனத்தில் பதிவதே இல்லை. எழுத உட்காரும்போதுதான் வெற்றிடம் தெரியும். அதைத் தாய்மொழி நிரப்புகிறது. ஜெர்மானிய மாணவர்களை வைத்து பான்ஸும் எல்டாவும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, சொல்வளம் வளர்கிற வேகத்தில் சொற்சேர்க்கை அறிவு வளர்வதில்லை என்று காட்டியது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஜெர்மனைப் பேசுபவர்களுக்கே அந்த நிலை. நாட்யா நெசல்ஹாஃப் 2005-இல் எழுதிய நூலும் தேர்ச்சிபெற்ற ஜெர்மானிய மாணவர்களின் கட்டுரைகளைத்தான் ஆராய்ந்தது. வினை–பெயர்ச் சேர்க்கைப் பிழைகளில் தாய்மொழியின் கை பெரியது என்றே அதுவும் கண்டது. அந்த உறவுகூட இல்லாத நாம் இதைத் தானாக வரும் என்று விட்டுவைப்பது பெரிய தவறு.

பொருந்தும் சொல் கிடைத்துவிட்டாலும் அதன் குணம் பிடிபடாமல் போவதுண்டு. ‘காஸ்’ என்ற வினை பெரும்பாலும் கெட்டதையே இழுத்துவரும்: சேதம், தொல்லை, விபத்து, நோய். ‘ஹிஸ் விசிட் காஸ்ட் கிரேட் புரோகிரஸ்’ என்று எழுதினால் படிப்பவருக்கு நெருடும். ‘செட் இன்’ என்பதும் அப்படியே. அழுகல், சோர்வு, மோசமான வானிலை போன்றவையே அதற்கு எழுவாயாக வருகின்றன என்று சின்க்ளேர் கண்டார். தமிழ் வாசகருக்கு இது எளிதில் புரியும். ஒருவர் விமர்சனத்துக்கு ஆளாவார், தண்டனைக்கு ஆளாவார், பாராட்டுக்கு ஆளாகமாட்டார். இந்த நுட்பத்தை எந்தத் தமிழ் ஆசிரியரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை, ஆனாலும் ஒருவரும் பிசகுவதில்லை. ஆங்கிலத்தில் இந்த அளவு செவி வாய்க்க எத்தனையோ ஆண்டுப் படிப்பு வேண்டும். அதுவரை உதாரண வாக்கியங்கள் நிறையத் தரும் அகராதிதான் துணை.

இணைச் சொற்களின் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். நாம் அங்கும் இங்கும் அலைகிறோம், ஆங்கிலேயர் ‘ஹியர் அண்ட் தேர்’ அலைகிறார்கள். நாம் இரவு பகலாக உழைக்கிறோம், அவர்கள் பெரும்பாலும் ‘டே அண்ட் நைட்’ உழைக்கிறார்கள். ‘லா அண்ட் ஆர்டர்’, ‘ட்ரையல் அண்ட் எரர்’ போன்றவற்றைத் திருப்பிப் போட முடியாது. யாகோவ் மல்கியல் 1959-இலேயே இவற்றைத் தனி வகையாக ஆராய்ந்திருக்கிறார். எண்ணிக்கை குறைவு என்பதால் மனப்பாடம் செய்துவிட்டால் போதும்.

இந்தியாவில் வேரூன்றிய சேர்க்கைகளை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். ‘டூ தி நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘பாஸ் அவுட் ஆஃப் காலேஜ்’ போன்றவற்றைப் பிழை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பிரஜ் கச்ரு போன்ற மொழியியலார், இவை பிழைகள் அல்ல, வளர்ந்து நிலைபெற்ற ஒரு வட்டார ஆங்கிலத்தின் மரபுகள் என்று வாதிட்டார்கள். கச்ருவின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். ‘டூ தி நீட்ஃபுல்’ இங்கிலாந்திலேயே வழங்கிப் பிறகு அங்கே பழசாகிப்போனது. பரீட்சையை நாம் எழுதுகிறோம், அதனால் ‘ரைட் அன் எக்ஸாம்’ என்கிறோம். இந்தி பேசுபவர் தேர்வைக் ‘கொடுப்பதால்’ ‘கிவ் அன் எக்ஸாம்’ என்கிறார். பிரிட்டிஷார் ‘சிட்’ என்றோ ‘டேக்’ என்றோ சொல்வார்கள். நம்முடைய ‘ரைட்’ கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இயல்பான வழக்கு. ‘டேக் எ டிசிஷன்’ என்பதைத் தமிழின் தாக்கம் என்று திருத்தும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நன்றாகவே வழங்குகிறது, அமெரிக்கர்தான் ‘மேக்’ மட்டும் என்பார்கள். ஆகவே இந்த வகையில் சரி, தவறு என்று அடிப்பதைவிட, வாசகர் யார் என்று பார்ப்பதே முறை. மதுரையிலிருந்து கோவைக்குப் போகும் அலுவலகக் கடிதத்தில் ‘நீட்ஃபுல்’ இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போகும் கட்டுரையில் ‘பாஸ்டு அவுட் இன் 2015’ என்று இருந்தால், ஆசிரியர் மயங்கி விழுந்ததாகப் படிப்பவர் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. ‘கேவ் எ பிக் எஃபெக்ட்’ இந்தக் கணக்கில் சேராது. அது எந்த ஊர் ஆங்கிலத்தின் மரபும் அல்ல.

பழகிய சேர்க்கைகளையே எழுதினால் தேய்ந்த நடையாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆயத்தச் சொற்றொடர்களை ஒட்டி ஒட்டி எழுதுவதை ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் கடுமையாகச் சாடினார்; அதுவும் நியாயமே. ஆனால் அவர் சாடியது, சிந்திக்காமல் முழு வாக்கியத்தையும் தயார்ச் சரக்காக வைப்பதை. ‘மேக் எ மிஸ்டேக்’ என்பதில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. அது வாக்கியத்தின் எலும்பு, யார் கண்ணிலும் படாது. மரபை உடைப்பதற்கும் மரபு தெரிந்திருக்க வேண்டும். டிலன் தாமஸ் ஒரு கவிதைக்கு ‘எ கிரீஃப் அகோ’ என்று தலைப்பு வைத்தார். ‘அகோ’ காலப்பெயரோடுதான் வரும் என்பது வாசகர் காதில் ஊறியிருப்பதால்தான், அந்த இடத்தில் வந்து நிற்கும் துயரம் காலத்தை அளக்கும் அலகாகிறது.

நடைமுறைக்கு வருவோம். சேர்க்கையைத் தேடும்போது பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். என்ன சொல்லப்போகிறோம் என்பது பெயரில் இருக்கிறது. அதற்கு வினையும் அடைமொழியும் எவை என்பதுதான் தெரியாதது. 2002-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலோகேஷன்ஸ் டிக்‌ஷனரி இப்படித்தான் அமைந்திருக்கிறது. ‘எவிடன்ஸ்’ என்று திறந்தால் அதற்கு முன் வரும் அடைமொழிகள், அதை ஏற்கும் வினைகள், அதற்குப் பின் வரும் முன்னுருபு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸும், நூறு கோடிக்கு மேல் சொற்கள் கொண்ட அமெரிக்கத் தொகுப்பான கோகாவும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. அவற்றில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எந்த வகை எழுத்தில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ‘டூ எ டெஸ்ட்’ பேச்சில் சரி, அறிக்கையில் ‘கேரி அவுட்’ நன்றாக உட்காரும். மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள் என்று. ‘கன்க்ளூஷன் = முடிவு’ என்று எழுதுவதற்குப் பதில் ‘டிரா எ கன்க்ளூஷன்’, ‘ரீச் எ கன்க்ளூஷன்’ என்று துணையோடு எழுதிவைத்தால், எழுதும் நேரத்தில் முழுத் தொடராகக் கைக்கு வரும். எழுதி முடித்த பிறகு பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றின் வினையையும் அகராதியில் சரிபார்ப்பது இன்னொரு வழி. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். வேலைக்கான விண்ணப்பமோ ஆய்வுக்கட்டுரையோ என்றால் அந்த அரைமணி நேரம் தகும்.

இந்த அகராதிகள் எல்லாம் உலகத்துக்குப் பொதுவானவை. தமிழர் எங்கே வழுக்குவார் என்று அவற்றுக்குத் தெரியாது. நமக்கு வேண்டியது தமிழ்ப் பெயர்ச்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொண்ட ஒரு சொற்சேர்க்கைக் கையேடு. எழுத்து வழக்கிலிருந்து சான்று எடுத்துச் சொல்லுக்குச் சொல் பயன்பாட்டைக் காட்ட முடியும் என்பதை 1992-இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழுக்குச் செய்து காட்டியது. பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் அதே உழைப்பை இரு மொழிகளுக்கு இடையிலும் செய்யலாம். ‘முடிவு’ என்ற பதிவு அதில் இப்படி இருக்கும்: முடிவு எடு என்பதற்கு ‘மேக் எ டிசிஷன்’, பிரிட்டிஷ் வழக்கில் ‘டேக்’ என்பதும் உண்டு, முடிவுக்கு வா என்பது ஆராய்ந்து கண்டதைக் குறித்தால் ‘கம் டு எ கன்க்ளூஷன்’, நின்றுபோனதைக் குறித்தால் ‘கம் டு அன் எண்ட்’, முடிவு கட்டு என்பதற்கு ‘புட் அன் எண்ட் டு’, தேர்வு முடிவு வெளியானது என்றால் ‘ரிசல்ட்ஸ் வேர் அனவுன்ஸ்டு’, பன்மையில், பரிசோதனையில் கிடைத்த முடிவு என்றால் ‘அப்டெயின்’ அல்லது ‘கெட்’, அறிக்கையில் முன்னது.